காலாண்டு விடுமுறைக்கு ஒரு பெரிய சுற்று



கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த கையோடு உங்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரு வருத்தம் தவறாமல் இருக்கிறது. பத்தாவது படிக்கும் மகன் குடும்பத்தோடு எங்கும் வர மாட்டேன் என்கிறான்; ஒன்பதாவது படிக்கும் மகள் வந்தாலும் போனை விட்டுத் தலை நிமிர்வதில்லை. அந்தப் பிள்ளைகளிடம் நாம் என்ன கேட்டோம்? போகிற ஊர், ரயில், அறை, சாப்பாடு எல்லாவற்றையும் பெரியவர்களே முடிவு செய்துவிட்டு, "கிளம்பு" என்று மட்டும்தானே சொன்னோம்!

காலாண்டு விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த முறை மொத்தப் பணத்தையும் திட்டத்தையும் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். நம்மிடம் உள்ள பணம் இவ்வளவு, இத்தனை நாளில் ஊர் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். பணத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசக்கூடாது என்ற பழக்கம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. தொகை தெரியாத பிள்ளை எதைக் கேட்டாலும் அதிகமாகத்தான் கேட்கும். தெரிந்துவிட்டால் நம்மைவிடக் கறாராகக் கணக்குப் பார்க்கும்.

பேசுவதற்கு வசதியாக ஒரு வழியைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து பகல் ரயிலில் பெங்களூரு. அன்றிரவே ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் ஹோசப்பேட்டை. ஹம்பியில் இரண்டு இரவு, கோவாவில் இரண்டு இரவு, கோகர்ணாவில் இரண்டு இரவு. பிறகு மங்களூரு வந்து, இரவு ரயிலில் பாலக்காடு, கோவை, சேலம் வழியாகச் சென்னை. மேற்கு மாவட்டத்துக்காரர்கள் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஒன்பது நாள், அதில் ஆறு இரவுக்குத்தான் அறை வாடகை. ஓர் ஊரில் இரண்டு இரவுக்குக் குறையாமல் தங்குங்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரி. தினம் ஓர் ஊர் என்று ஓடினால் துணி துவைத்துக் காயப்போட நேரமிருக்காது, பிள்ளைகள் தூங்கவும் முடியாது. பதின்வயதில் தூக்கம் கெட்டால் முகம் கோணும்; பழி பயணத்தின் மேல் விழும்.

நான்கு பேருக்கு 35,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஒன்று பளிச்சென்று தெரியும். தூங்கும் வசதிப் பெட்டியில் போனால், இவ்வளவு தூரம் சுற்றியும் ரயில் கட்டணம் பெரிய செலவாக இருக்காது. பணம் கரைவது அறையிலும் சாப்பாட்டிலும்தான். சிக்கனத்தை அங்கே தேட வேண்டும். பெரிய ரயில் நிலையங்களில் ஓய்வறைகள் உண்டு. உறுதியான பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இணையத்திலேயே பதியலாம். தனியார் ஹாஸ்டல்கள் மலிவுதான், ஆனால் 18 வயது நிரம்பாதவர்களைப் பொது அறையில் பல இடங்களில் சேர்ப்பதில்லை. பணம் கட்டுமுன் போனில் கேட்டுவிடுவது நல்லது. அந்தப் போனையும் பிள்ளையே பேசட்டும்.

ரயில்வேயில் சுற்றுப் பயணச்சீட்டு என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி வரும் பயணத்துக்கு, வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கிப் போகும்படி ஒரே சீட்டாகத் தருவார்கள். தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும் என்பதால் தனித்தனியாக வாங்குவதைவிட மிச்சமாகும். ஆனால் போகும் வழியை எழுதிக் கோட்ட வணிகப் பிரிவில் கொடுத்து, சீட்டு வாங்கியபின் ஒவ்வொரு ரயிலுக்கும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். அலைச்சல் உண்டு. இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு எது லாபம் என்று சொல்லும் வேலை, வீட்டில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு.

இந்தச் சுற்றின் உயிர் ஹோசப்பேட்டையிலிருந்து கோவா போகும் பகல் பயணம். அமராவதி எக்ஸ்பிரஸ் வாரத்தில் சில நாட்கள்தான் அந்த வழியே போகிறது. ஆகவே அது ஓடும் நாளை முதலில் குறித்துக்கொண்டு, மற்ற நாட்களை அதன் முன்னும் பின்னுமாக அடுக்க வேண்டும். கேஸில் ராக் நிலையம் தாண்டியதும் மலைச்சரிவு; 37 அடிக்கு ஓர் அடி என்ற சாய்வில் தண்டவாளம் இறங்குகிறது. ஏறும் ரயிலைத் தள்ளவும், இறங்கும் ரயிலைப் பிடித்து நிறுத்தவும் கூடுதல் இன்ஜின்களைப் பூட்டுகிறார்கள். சுரங்கம், பாலம், மறுபடி சுரங்கம். பிறகு சட்டென்று 310 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தூத்சாகர் அருவியின் முன்னால் ரயில் கடந்து போகும். செப்டம்பர் கடைசியில் மழை ஓய்ந்தும் ஓயாத நேரம், அருவியில் தண்ணீர் நிறைய இருக்கும். இந்தக் காட்சிக்கு ஏசி பெட்டியின் கண்ணாடியைவிடத் தூங்கும் வசதிப் பெட்டியின் திறந்த ஜன்னலே மேல். ஒரு கண்டிப்பு: அங்கே இறங்கக் கூடாது, செல்ஃபிக்காகப் படிக்கட்டில் தொங்கக் கூடாது. தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம்.

ஹம்பிக்கு மே மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். பாறை அனலாகக் கொதிக்கும். செப்டம்பரில் அதே பாறைகளைச் சுற்றி வயல் பச்சை பிடித்திருக்கும். வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு நாளெல்லாம் சுற்றலாம். விட்டலர் கோயிலுக்கு வாங்கும் சீட்டு அன்றே தாமரை மகாலுக்கும் செல்லும். 15 வயதுக்குக் கீழே இருந்தால் தொல்லியல் துறை கட்டணம் வாங்குவதில்லை, ஆதாரை எடுத்துவையுங்கள். ஆற்றைக் கடந்து ஆனைக்குந்திப் பக்கம் போய் அஞ்சனாத்ரி மலை ஏறுங்கள். துங்கபத்திரையில் தண்ணீர் அதிகமாகத் திறந்துவிட்டால் பரிசல் ஓடாது. அந்த நாளில் பரிசல்காரரிடம் மன்றாட வேண்டாம். மதுரை, தஞ்சாவூர், செஞ்சி நாயக்கர்களின் ஆட்சிக்கு வேர் இந்த நகரத்தில் இருக்கிறது. திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்த பிள்ளைக்கு, 1565 போருக்குப் பின் இடிந்து கிடக்கும் இந்த விஜயநகரத் தலைநகரம் நிறையச் சொல்லும்.

கோவா என்றதும் செலவைப் பற்றிப் பயப்படுகிறோம். மாண்டவி ஆற்றைக் கடக்கும் வழக்கமான அரசுப் படகுகளில் நடந்து ஏறுபவர்களுக்குக் கட்டணமே இல்லை. பழைய கோவா தேவாலயங்களைப் பார்க்கவும் பணம் வேண்டாம். நம் முத்துக்குளித்துறைக் கரையில் ஊர் ஊராக நடந்த சவேரியாரின் உடல் அங்கே பாம் ஜீசஸ் பசிலிக்காவில்தான் இருக்கிறது. ஹம்பியும் இந்தத் தேவாலயங்களும் 1986-இல் ஒரே ஆண்டில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. வாடகை ஸ்கூட்டர் மட்டும் பிள்ளை கைக்குப் போகக் கூடாது, கெஞ்சுவார்கள், இளகாதீர்கள்.

அங்கிருந்து கொங்கண் ரயிலில் கோகர்ணா. அந்தப் பாதையில் மழைக்காலத்துக்குத் தனி கால அட்டவணை உண்டு. ரயில்கள் வேகம் குறைத்து ஓடும், நேரம் மாறும். பழைய பக்கத்தைப் பார்த்து ரயிலைத் தவறவிடாதீர்கள். குட்லே கடற்கரையிலிருந்து ஓம் கடற்கரைக்குக் குன்று வழியே நடப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஈரப்பாறை வழுக்கும். அலை பெரிதாக இருந்தால் நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் கடல் கிடையாது. திட்டம் அவர்களுடையது, தண்ணீரைப் பற்றிய முடிவு உங்களுடையது என்று வீட்டிலேயே பேசிவிடுங்கள்.

அம்மாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவரவர் பையை அவரவரே அடுக்கிச் சுமக்கட்டும், மகனும்கூட. மகளின் மாதவிலக்கு நாட்களைக் கேட்டுக்கொண்டு, மலையேறும் நாளையும் நீண்ட பகல் ரயிலையும் முடிந்த மட்டும் தள்ளி வையுங்கள். முடியாவிட்டால் அன்று ஓய்வெடுக்க அவளுக்கு உரிமை உண்டு. தினமும் ஒரு வேளையாவது பிள்ளைகளைத் தனியே விடுங்கள். செலவுக் கணக்கை நோட்டில் எழுதுவது அவர்கள் பொறுப்பு. மிச்சம் பிடித்த பணமும் அவர்களுக்கே. பரிசல் சவாரியா, ஐஸ்கிரீமா, அவர்களே தீர்மானிக்கட்டும். தவறான அறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் "அப்போதே சொன்னேனே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லில் அவர்கள் நோட்டை நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பிளஸ் டூ முடிந்தால் விடுதி, கல்லூரி, வேலை. நால்வரும் சேர்ந்து ஒரே ரயிலில் போகிற ஆண்டுகள் அதிகம் மிச்சமில்லை.

2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. செப்டம்பர் கடைசி வாரம் கிளம்புபவர்களுக்கு ஜூலை கடைசியிலேயே திறந்துவிடும். சில ஆண்டுகளில் ஆயுத பூஜைக் கூட்டமும் அதே நாட்களில் மோதும், ஆகவே இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். திரும்பி வந்ததும் அந்தக் கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தையும், பிள்ளைகள் தங்கள் கையால் எழுதிய பயண அனுபவத்தையும் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். நல்லவற்றை அவர்கள் பெயரிலேயே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்