நலம் பேணுவோம்: முடி களைந்த இடத்தில் கட்டிகள்

அக்குள் முடியையும் மர்ம உறுப்பின் முடியையும் களைவதை இயற்கையான நற்பழக்கங்களுள் சேர்த்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். இவற்றை நாற்பது நாட்களுக்கு மேல் விட்டு வைக்கலாகாது என்ற வரையறையை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பால் அறிகிறோம். இந்தச் சுன்னத்தைப் பேணுவோரில் பலருக்கு, முடி களைந்த சில நாட்களில் சிறு கட்டிகள் தோன்றி அரிப்பும் வலியும் தருவதுண்டு. மறைவான இடம் என்பதால் பெண்மக்கள் தாயிடம்கூடச் சொல்லத் தயங்குகின்றனர். ஊசியால் கிளறிப் புண்ணாக்கிக் கொள்வோரும் உளர். ஆகவே இம்மாதம் இதுபற்றிக் காண்போம்.

ஏன் வருகிறது?

தோலை இழுத்துப் பிடித்து ஒட்டச் சிரைக்கும்போது, முடி தோல் மட்டத்திற்குக் கீழே வெட்டுப்பட்டு நுனி கூர்மையாகிறது. சுருண்ட முடியாயின் அது வளைந்து மீண்டும் தோலுக்குள் புகுகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பதால் அவ்விடம் சிவந்து வீங்குகிறது. பிடுங்கும்போது முடி உள்ளே முறிந்தாலும் இவ்வாறு நேரலாம். தாடியின் ஓரத்தை ஒதுக்கும் ஆண்களுக்குக் கழுத்திலும் இது வருவதுண்டு.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் அவ்விடத்தில் சவரத்தை நிறுத்துங்கள். மூன்று, நான்கு வாரங்களில் முடி வளர்ந்து பெரும்பாலும் தானே வெளிவந்துவிடும். வெள்ளிதோறும் சிரைக்கும் வழக்கமுடையோர் இதற்காக வருந்த வேண்டியதில்லை. நாற்பது நாள் அவகாசத்திற்குள் தோல் ஆற இடமிருக்கிறது.

வெதுவெதுப்பான நீரில் தூய துணியை நனைத்துப் பிழிந்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை, பத்து நிமிடம் ஒற்றடம் கொடுங்கள். முடி வளையமாக மேலே தெரிந்தால், ஸ்பிரிட்டால் துடைத்த இடுக்கியால் நுனியை மட்டும் மெல்ல வெளியே எடுத்து விடுங்கள். வேரோடு பிடுங்கினால் புதிய முடியும் அவ்வாறே குத்தும். கண்ணுக்குத் தெரியாத முடியைத் தோண்டாதீர்கள், கட்டியைப் பிதுக்காதீர்கள். சுண்ணாம்பு, பற்பசை, எலுமிச்சைச் சாறு ஆகியவை மென்தோலைப் புண்ணாக்கும். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கிப் பூசுவதும் தோலை மெலியச் செய்து கெடுக்கும்.

வராமல் தடுக்க

குளித்து முடி இளகிய பின், சோப்பு நுரையிட்டு, கூர்மையான பிளேடால் முடி வளரும் திசையிலேயே சிரையுங்கள். தோலை இழுக்க வேண்டாம். ஒரே இடத்தில் பலமுறை ஓட்ட வேண்டாம். ஒருவர் ரேஸரை மற்றவர் பயன்படுத்தலாகாது. பின்னர் சில நாட்கள் தளர்வான பருத்தி ஆடை நல்லது.

அப்படியும் வந்தால் முறையை மாற்றுங்கள். சிரைப்பது சிறந்ததாயினும், மர்ம உறுப்பின் முடியைக் கத்தரிப்பதும் மருந்திட்டு நீக்குவதும் கூடும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். அக்குள் முடியைப் பிடுங்குவதே சுன்னத் என்றறிந்தும், வலி தாங்க இயலாமையால் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அதைச் சிரைத்துக் கொண்டதாகவும் அவர்கள் எழுதியுள்ளார்கள். மார்க்கம் தூய்மையைக் கேட்கிறதேயன்றி, தோலைப் புண்ணாக்கிக் கொள்ளுமாறு கேட்கவில்லை. முடி நீக்கும் களிம்பாயின், முந்திய நாள் கையில் சிறிது தடவிச் சோதித்துக் கொள்ளுங்கள்.

ஹஜ், உம்ராவுக்குச் செல்வோர் கவனிக்க: இஹ்ராமில் முடி களைவது தடை. கடைசி நேரத்தில் ஒட்டச் சிரைத்துவிட்டு வெயிலில் நெடுந்தூரம் நடந்தால் தொடையிடுக்கில் கட்டிகள் வரும். சில நாட்கள் முன்னதாகவே களைந்து கொள்வது நலம்.

மருத்துவரிடம் எப்போது?

சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, கடும் வலி இருந்தால் தாமதிக்காதீர்கள். நீரிழிவு உள்ளோர் சிறு கட்டியையும் காட்டிவிடுவது நன்று. அக்குளிலோ தொடையிடுக்கிலோ பெரிய கட்டிகள் திரும்பத் திரும்ப வந்து வடு விழுந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். பெண்கள் பெண் மருத்துவரை நாடலாம். சிகிச்சைக்காகத் தேவையான அளவு காட்டுவதை மார்க்கம் அனுமதிக்கிறது.

தாய்மார்களே! பருவமடைந்த மகளுக்குக் குளிப்பின் சட்டங்களைக் கற்பிக்கும்போதே இதையும் சொல்லி வையுங்கள். வெட்கம் ஈமானின் அழகு. ஆனால் அது நோயை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.