முள்மரமும் வினைல் கோலமும்

அரிசோனாவின் சேண்ட்லர் நகரில் 1957 முதல் ஆண்டுதோறும் ஒரு கிறிஸ்துமஸ் மரம் நிற்கிறது. பைன் அல்ல, டம்பிள்வீட். காய்ந்ததும் தண்டு முறிந்து காற்றில் உருண்டோடும் முட்செடி. நம் கடற்கரை மணலில் ராவணன் மீசை உருளுமே, அந்த மாதிரி. சுமார் ஆயிரம் செடிகளைக் கம்பிக் கூட்டில் செருகி, வெள்ளை பெயின்ட் அடித்து, தீப்பிடிக்காமலிருக்க மருந்து தெளித்து, மினுமினுப்புத் தூள் தூவி, விளக்குச் சரம் சுற்றுவார்கள்.

சிப் தொழிற்சாலை வேலையை நம்பி இங்கே வந்த தமிழர்கள் நாங்கள், காருக்குள் இருந்தபடியே அதைப் பார்த்து, ‘முள்ளுக்கு இத்தனை ஜோடனையா!’ என்று சிரித்தோம். அப்படியே கடைக்குப் போய் பிளாஸ்டிக் பைன் மரமும் அதன்மேல் தூவப் பஞ்சுப் பனியும் வாங்கிவந்தோம். பனி விழாத ஊரில்!

கேட்பாரற்ற நிலத்தில் செழிக்கும் செடி டம்பிள்வீட். பருத்தியும் குதிரைமசாலும் விளைந்த வயல்களும், அவற்றை ஒட்டிய தரிசுகளும் மனைகளாகி, அங்கேதான் எங்கள் வீடுகள் எழும்பின. இத்தனைக்கும் அதுவும் எங்களைப்போல் வந்தேறிதான். 1870களில் ரஷ்யாவிலிருந்து ஆளி விதையோடு கலந்து வந்த களை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்து வீட்டார் சகுவாரோ கள்ளிக்கு விளக்குச் சரம் சுற்றியபோது ஏணி பிடிக்கக்கூடப் போகவில்லை.

காகிதப் பைக்குள் கொஞ்சம் மணல், மணலில் நட்ட மெழுகுவத்தி: இந்தப் பகுதியின் லூமினேரியா விளக்கு இவ்வளவுதான். பை பறக்காது, வத்தி சாயாது. பக்கத்து நகரான பீனிக்ஸின் பாலைவனத் தாவரவியல் பூங்காவில் டிசம்பரில் ஆயிரக்கணக்கில் ஏற்றுவார்கள். கார்த்திகைக்கு பேட்டரி அகல் வைக்கும் நாங்கள், டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டோம்.

சரி, எங்கள் வழக்கத்தையாவது காப்பாற்றினோமா? ‘இந்தப் பாலைவனத்தில் மார்கழிக் கோலமா’ என்று கையை விரித்தோம். உண்மையில் அதற்கு இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது கஷ்டம். கோடையில் 43 டிகிரியைத் தாண்டும் பீனிக்ஸ் வட்டாரத்தில், மார்கழி விடியலுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். ஆண்டு மழையே 20 சென்டிமீட்டருக்குள்தான். போட்ட கோலம் லேசில் கரையாது. குடியிருப்புச் சங்கம் ஆட்சேபிக்கும் என்று சாக்குச் சொன்னோம், யாரும் போய்க் கேட்கவில்லை. வாசலில் வினைல் கோலம் ஒட்டினோம். வெயிலில் அதன் ஓரம் சுருண்டதும் ஆன்லைனில் அடுத்ததை ஆர்டர் செய்தோம்.