சின்னக் கத்தியைச் சாணைக்குக் கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் தாத்தா முண்டக்கயம் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு சின்ன மடக்குக்கத்தி கிடைத்தது. மடக்கினால் மூன்று அங்குலம்தான் இருக்கும். பிடி வெள்ளையாக இருந்து மஞ்சளாகிவிட்டது. பிடியின் நுனியில் நகம் மாதிரி தட்டையாக ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. துருப்பிடித்து, திறக்க வரவில்லை. இது என்ன கத்தி? பட்டறையில் கொடுத்துச் சாணை பிடித்தால் சாத்துக்குடிக்கு ஒட்டுக்கட்ட உதவுமா? ஒருவர் விலைக்கும் கேட்கிறார்.
– வாசகர், மயிலாடும்பாறை

பதில்: விலை கேட்டவருக்கும் பட்டறைக்காரருக்கும் இப்போதைக்கு எதுவும் சொல்லாதீர்கள். கத்தியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வோம்.

நீங்கள் நகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அடையாளமே அதில்தான் இருக்கிறது. பென்சில் சீவும் பேனாக்கத்தியில் அது இருக்காது. மொட்டுக்கட்டும்போது வேர்ச்செடியின் பட்டையில் 'டி' எழுத்துப் போலக் கீறுவோம். கீறிய பட்டையைக் கிழியாமல், உள்ளிருக்கும் வழவழப்பான சதையில் காயம் படாமல் கிளப்ப வேண்டும். அதற்குத்தான் எலும்பிலோ பித்தளையிலோ செய்த அந்த நாக்கு. இரும்பால் கிளப்பினால் சதை கிழியும், மொட்டுப் பிடிக்காது. ஆக, உங்கள் தாத்தா வைத்திருந்தது மொட்டுக்கட்டும் கத்தி. அவர் பார்த்த வேலைக்கும் அது பொருந்துகிறது. ரப்பரில் மொட்டுக்கட்டும் முறை 1910-களில் ஜாவா, சுமத்ரா தோட்டங்களில் உருவாகி, பிறகுதான் மற்ற நாடுகளுக்குப் பரவியது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாக மலையேறிப் போன நம் ஆட்கள் பலர் அந்த எஸ்டேட்டுகளில்தான் இந்தக் கைவேலையைக் கற்றார்கள்.

(பழைய பெட்டியில் மடக்குக்கத்தி வைத்திருக்கும் மற்ற வாசகர்களும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சின்னக் கத்தியும் மறுபக்கம் கூரான இரும்பு ஊசியும் இருந்தால் அது மடக்கெழுத்தாணி. கத்தி ஓலையை நறுக்க, ஊசி எழுத. கணக்குப்பிள்ளை வீடுகளில் இருந்த சாமான் அது.)

எங்கே செய்தது, எப்போது செய்தது என்பதைக் கத்தியே சொல்லும். இலைக்கும் பிடிக்கும் நடுவில் கூர் இல்லாத சின்னச் சதுரம் இருக்கும். முத்திரை அதில்தான் இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் நம் நாட்டுக்கு வந்த நல்ல கத்திகளில் நிறைய இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் செய்தவை. தோட்டக் கத்திக்கு சேனர் கம்பெனி பேர்போனது. நட்சத்திரமும் சிலுவையும் சேர்ந்திருந்தால் ஜோசப் ராட்ஜர்ஸ். அந்த முத்திரை 1682-ல் பதிவானது. ஆனால் முத்திரையின் வயதைக் கத்தியின் வயது என்று எண்ணிவிட வேண்டாம். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயரும் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது, ஏனென்றால் அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. கிரீடத்தின் இருபக்கமும் 'வி', 'ஆர்' என்று இருந்தால் விக்டோரியா ராணி காலம், அதாவது 1901-க்கு முந்தியது. 'ஜி', 'ஆர்' என்றால் 1910-க்குப் பிறகு. உங்களுடையது துருப்பிடிக்கும் கரி எஃகு. நல்ல கூர் ஏறும் எஃகு அது, குறைவாக நினைக்காதீர்கள்.

இனி சுத்தம் செய்வது. பட்டறைச் சக்கரத்தில் பிடித்தால் இரண்டு நஷ்டம். முத்திரை தேய்ந்துபோகும், அதற்குப் பிறகு கத்தி யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. அடுத்து, மெல்லிய இலை நொடியில் சூடேறும். ஓரத்தில் நீலம் பாய்ந்தால் 300 டிகிரி பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். உலையில் காய்ச்சித் தோய்த்து ஏற்றிய பதம் அந்த இடத்தில் இறங்கிவிடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

புளி, எலுமிச்சை, ஆசிட் எதுவும் வேண்டாம். துருவோடு சேர்த்து எழுத்தையும் அரிக்கும், எலும்புப் பிடியையும் அரிக்கும். வெந்நீரில் போட்டால் பிடி வெடிக்கும். தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டை ஊக்கு இருக்கும் இடத்தில் மட்டும் விட்டு, ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் மெதுவாக அசைத்துப் பாருங்கள், வராவிட்டால் இன்னொரு சொட்டு விடுங்கள். நாலைந்து நாள் ஆனாலும் பரவாயில்லை. இடுக்கி போட்டு இழுத்தால் நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்தோடு இலை ஒடியும். திறந்ததும் உள்பள்ளத்து அழுக்கை மூங்கில் குச்சியில் துணி சுற்றி எடுங்கள். சிவப்புத் துருவை எண்ணெய் தொட்ட நைஸ் நீர்த்தாளால் லேசாகத் தேய்க்கலாம், முத்திரைப் பக்கம் போகாமல். கருமை போகாது, போகவும் வேண்டாம். அது துருவைத் தடுக்கும். தேங்காயெண்ணெய் பூசி வைக்காதீர்கள், நாளானால் பிசினாகிவிடும்.

பிடி எதனால் ஆனது என்று அறியச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று தீப்பிடிக்கும். விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தாலே கற்பூர வாசம் வரும். லென்ஸில் கரும்புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரிந்தால் யானைத் தந்தமாக இருக்கலாம். அப்படி இருந்தால் விலை பேச்சுக்கே இடமில்லை. 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவரும் வாங்கியவரும் மாட்டிக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் வனத்துறையில் காட்டிவிடுங்கள். எலும்பு என்றால் பயமில்லை.

ஒட்டுக்கட்டலாமா? கட்டலாம். தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டுங்கள். இந்தக் கத்திகளில் பலவற்றுக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. சரிவுப் பக்கத்தை மட்டும் தீட்டி, தட்டைப் பக்கத்தைக் கல்லில் படிய வைத்துப் பிசிரை எடுத்தால் போதும். இரண்டு பக்கமும் சரித்துவிட்டால் வெட்டு நேராக விழாது.

சாத்துக்குடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. எக்ஸோகார்ட்டிஸ் என்ற நோய்க்கிருமி கத்தி வழியாகவே மரத்துக்கு மரம் போகும். தீயில் காட்டினாலும் ஸ்பிரிட்டில் துடைத்தாலும் சாகாது. ஒரு பங்கு பிளீச் திரவத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, தாய்மரம் மாறும்போதெல்லாம் முக்க வேண்டும். கரி எஃகு அந்தத் தண்ணீரில் ஒரே நாளில் பழுத்துவிடும். அதனால் நூறு கன்று கட்டும் வேலைக்குப் புதுக் கத்தி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தாத்தா கத்தியை வீட்டு ரோஜாவில் பிள்ளைகளுக்கு மொட்டுக்கட்டச் சொல்லிக்கொடுக்க வைத்துக்கொள்ளலாம். வெட்டி முடித்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய். தோல் உறையில் போட்டு வைக்க வேண்டாம், அது ஈரம் இழுக்கும்.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் முத்திரைப் பக்கம் இருட்டாக இருக்கிறது. கத்தி திறந்த பிறகு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி இன்னொன்று எடுத்து அனுப்புங்கள். எழுத்து தெரிந்தால் அடுத்த இதழில் சொல்கிறேன்.