செல்பேசிக் கட்டணமும் கைம்பெண்ணின் காசும்



2018-இல் ஏர்செல் முடங்கியபோது, எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாமல் தமிழகத்தில் பலர் தவித்தது நினைவிருக்கும். போட்டியாளர்கள் குறைந்தனர். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தின.

மாமல்லபுரம் கடற்கரையில் மீன் விற்கும் தாய்க்குப் பேச மட்டுமே போன் தேவை. இணையத்துக்கும் சேர்த்தல்லவா ரீசார்ஜ் செய்ய வேண்டியிருந்தது! 2024 டிசம்பரில் ஒழுங்குமுறை ஆணையமான டிராய், அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் அதன் விலையை நிர்ணயிப்பது நிறுவனங்களே.

கட்டற்ற போட்டி தன்னையே அழித்துப் பொருளாதாரச் சர்வாதிகாரமாகும் என்று திருத்தந்தை 11-ஆம் பயஸ் 1931-லேயே எச்சரித்தார்.

நம் வீட்டு முதியோருக்கு இத்திட்டத்தை எடுத்துச் சொல்வோம். நியாயமான விலையையும் கேட்போம். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசைக் கவனித்தவர் நம் ஆண்டவர்.