விக்கிப்பீடியாவில் எமது நிறுவனங்கள்: காசுக்குக் கிடைக்காத சாட்சியம்

பத்து, பதினைந்து வருடம் இரவு பகலாய் உழைத்து வளர்த்த நிறுவனத்துக்கு விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் வேண்டும் என்று எம்மவர்கள் ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்த ஆசையை வைத்தே ஒரு வியாபாரமும் நடக்கிறது. “பணம் கட்டுங்கள், பக்கம் போட்டுத் தருகிறோம்” என்று வரும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுமுன் சிலவற்றை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் நிறுவனத்தின் பருமனோ இலாபமோ அளவுகோல் அல்ல. அதனோடு தொடர்பில்லாத, நம்பகமான பல வெளியீடுகள் அதைப்பற்றி விரிவாக எழுதியுள்ளனவா என்பதே கேள்வி. சொந்த இணையத்தளம், ஊடக அறிக்கை, முதலாளியின் செவ்வி, புதிய கிளை திறந்த செய்தி எதுவும் கணக்கில் வராது. கணக்காய்விலும் இதே முறைதான்: முதலாளியின் வாய்ச்சொல்லைவிட, வங்கி நேரடியாக அனுப்பும் உறுதிக் கடிதத்துக்கே மதிப்பு.

2015 ஓகஸ்டில் 381 கணக்குகளை விக்கிப்பீடியா முடக்கியது. அவை உருவாக்கிய 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. அந்தக் கும்பல் நிராகரிக்கப்பட்ட வரைவுகளைத் தேடிப்பிடித்து, உரியவர்களிடம் பணம் வாங்கிப் பக்கம் போட்டது. பிறகு அதைப் ‘பாதுகாக்க’ என்று மாதக் கட்டணமும் கேட்டது. சிறு, நடுத்தர வணிகர்களும் இதில் சிக்கினார்கள். பக்கமும் போய்ப் பணமும் போயிற்று.

நேர்வழி உண்டு. கூலிக்கு எழுதுபவர் தனக்குப் பணம் தருவது யார் என்பதை வெளிப்படுத்த வேண்டும் என்பது 2014 முதல் விதி. நிறுவனத்தோடு தொடர்புள்ளவர் தன் தொடர்பைச் சொல்லி, கட்டுரையை வரைவாகச் சமர்ப்பித்து, மற்றவர்களின் பரிசீலனைக்கு விடலாம். ஒன்றை மறக்கக்கூடாது: பக்கம் வந்தபின் அது எமது சொத்தல்ல. நாளை ஒரு வழக்குத் தீர்ப்பை எவரும் ஆதாரத்தோடு சேர்க்கலாம். எமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை நீக்கமுடியாது.

இதில் எமது சமூகத்தின் குறையும் ஒன்று உண்டு. எமது பத்திரிகைகளும் வானொலிகளும் பெரும்பாலும் எமது வணிகர்களின் விளம்பரத்தில்தான் வாழ்கின்றன. அவற்றில் வரும் பாராட்டைச் சுதந்திரமான சாட்சியமாக வெளியார் எப்படி ஏற்பார்கள்? வெறுங்கையோடு வந்தவர்கள் எப்படித் தொழில் தொடங்கினார்கள், எங்கே நட்டப்பட்டார்கள் என்பதை எமது செய்தியாளர்களும் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் காசு வாங்காமல், குறைநிறையோடு எழுதவேண்டும். அந்த எழுத்து இல்லாவிட்டால் விக்கிப்பீடியாவில் மட்டுமல்ல, நாளைய வரலாற்றிலும் எமது உழைப்புக்கு ஆதாரம் இராது.