மாலை கழற்றிய மறுநாள் யார் துணை?

"மாலை போட்டா 48 நாள் சொட்டுகூடத் தொட மாட்டார். மலையிலேர்ந்து இறங்கினதும் பழைய கதைதான்." நம் ஊரில் பல வீடுகளில் கேட்கிற பேச்சு இது. சிலர் கோயிலில் கயிறு கட்டியிருப்பார்கள். சிலர் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பார்கள். இன்னும் சிலர் மருத்துவமனையில் படுத்து எழுந்து வந்திருப்பார்கள். குடியை நிறுத்த முடிகிறது. நிறுத்தியபடியே இருக்கத்தான் முடியவில்லை.

அந்த 49-வது நாளுக்காக இருப்பவைதான் ஆதரவுக் குழுக் கூட்டங்கள். அவற்றில் உலகம் முழுக்கப் பரவியிருப்பது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன் என்பவரும் பாப் ஸ்மித் என்ற டாக்டரும் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். இன்னொரு குடிநோயாளியிடம் மனம்விட்டுப் பேசினால் தங்களால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். கூட்டத்தின் அடிப்படை இன்றும் அதுதான்.

"உட்கார்ந்து பேசினா குடி போயிடுமா?" என்று தோன்றலாம். 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை அலசியது. அவற்றில் பங்கேற்றவர்கள் 10,000 பேருக்கும் மேல். ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போக முறையாக வழிகாட்டும் சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில் மற்ற பேச்சு சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்தது தெரியவந்தது.

முதலில் டாக்டர்

தினமும் அதிகமாகக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு மூன்று நாள்களில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அதனால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ, குடிநோய் சிகிச்சை மையத்தையோ முதலில் பாருங்கள். சென்னை இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே 1980-ல் தொடங்கப்பட்டது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் தொடங்கியது அது.

'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்' என்று விற்கிற பொடி, மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். மது உள்ளே போனதும் உடலைப் புரட்டிப்போடும் மருந்தைத் தெரியாமல் கொடுத்தால் உயிரே போகலாம்.

கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. கட்டணம் இல்லை. சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். ஏ.ஏ. அமைப்பின் இந்திய இணையதளத்தில் ஊர் வாரியாகத் தேடலாம். சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலேயே கேட்டாலும் சொல்வார்கள்.

கிளம்பும் முன் ஒரு போன் செய்துவிடுங்கள். இடமும் நேரமும் மாறியிருக்கலாம். இரண்டு கேள்விகள் கேளுங்கள். தமிழில் நடக்கிறதா? 'ஓப்பன்' கூட்டமா, 'க்ளோஸ்டு' கூட்டமா? ஓப்பன் என்றால் வீட்டினரும் போகலாம். க்ளோஸ்டு, குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு மட்டும். நேரில் போகத் தயங்குபவர்களுக்கு ஆன்லைன் கூட்டங்கள் இருக்கின்றன. பெண்களுக்கென்று தனிக் கூட்டங்களும் உண்டு.

உள்ளே என்ன நடக்கும்?

பள்ளி வகுப்பறையிலோ தேவாலய வளாகத்திலோ கூட்டம் நடக்கலாம். "மதம் மாத்துவாங்களோ?" என்ற பயம் வேண்டாம், இடம் மட்டும்தான் அவர்களுடையது. கடவுள் பற்றிய பேச்சு வரும். ஆனால், அது அவரவர் புரிந்துகொண்ட கடவுள்.

முழுப் பெயர் சொல்ல வேண்டாம். கட்டணம் கிடையாது, செலவுக்காக ஒரு பை சுற்றி வரும், விருப்பமிருந்தால் போடலாம். உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தும் ஆசை. ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொல்வார்கள். உங்கள் முறை வரும்போது "இன்னிக்குக் கேட்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டாலும் போதும்.

முதல் கூட்டம் ஒட்டாமல் போகலாம். உடனே கைவிடாமல் வேறு இரண்டு மூன்று குழுக்களையும் பாருங்கள். புதிதாக வருபவரிடம் 90 நாளில் 90 கூட்டம் என்று சொல்லும் வழக்கமும் உண்டு. திரும்பும்போது இரண்டு பேரின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் டாஸ்மாக் பக்கம் திரும்பும்போது கூப்பிட ஓர் ஆள் வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"அவர் வரவே மாட்டேங்கிறாரே?" என்றால் நீங்கள் போகலாம். பில் வில்சனின் மனைவி லோயிஸும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து 1951-ல் தொடங்கிய 'அல்-அனான்' குடும்பத்தினருக்கானது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு 'அலடீன்'. பாட்டிலை ஒளித்துவைப்பது, கடனை அடைப்பது, அலுவலகத்துக்குப் பொய் சொல்வது என்று ஓய்ந்துபோன மனைவியும் அம்மாவும் முதல் தடவையாகத் தங்களைப் பற்றிப் பேசும் இடம் அது.

வெளியே தெரிந்தால் அவமானம் என்று நினைக்கிறீர்களா? குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுபவர்கள் நாட்டில் சுமார் 5.7 கோடி பேர் என்கிறது 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வறிக்கை.

ஒருவேளை நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டாலும் மறுநாள் கூட்டத்துக்குப் போகலாம். யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். அங்கே இருப்பவர்களில் பலர் அப்படித் திரும்பி வந்தவர்கள்தான்.