பொலிஸிற் சேருங்கள் என்றாற் போதுமா?

தமிழ் வாலிபர்கள் பொலிஸ் படையிற் சேர முன்வருகிறார்கள் இல்லை என்பது, கொழும்பில் ஆட்சிபீடம் ஏறுவோர் காலத்துக்குக் காலம் பாடிவரும் பல்லவி. விளம்பரம் செய்தோம், நேர்முகப் பரீட்சை வைத்தோம், வருவாரில்லை. ஆகவே குற்றம் தமிழனுடையதே என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். இக்கணக்கை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. வாசலை அடைத்தவர் யார்?

1956இல் சிங்களம் மட்டும் சட்டமாயிற்று. அம்மொழி அறியாத உத்தியோகத்தனுக்கு ஏணியின் முதற்படியே எட்டாததாயிற்று. பின்னர் மூண்ட யுத்தத்தில் தமிழ்ப் பொலிஸ்காரனை அரசு நம்பவில்லை. ஆயுதம் ஏந்திய எம்மவரோ அவனைத் துரோகியெனச் சுட்டனர். இந்த இரண்டாவது உண்மையையும் மறையாது சொல்லியாக வேண்டும்.

இதே நோய் பிடித்திருந்த இன்னொரு நாடு வட அயர்லாந்து. இலங்கை உட்படப் பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் பலவற்றின் பொலிஸ் படைகளுக்கு முன்மாதிரியாயிருந்தது பழைய ஐரிஷ் கொன்ஸ்டபுலரியே. ஆதலால் இவ்வுறவு நமக்குப் புதிதன்று. அங்கே குடிசனத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். பொலிஸ் படையிலோ அவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் மாத்திரமே. 1998இல் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. மறு ஆண்டு கிறிஸ் பற்றன் தலைமையிலான ஆணைக்குழு 175 விதப்புரைகளை வெளியிட்டது. ‘வந்து சேருங்கள்’ என்ற உபதேசத்தோடு அக்குழு நின்றுவிடவில்லை. தகுதிப் பரீட்சையிற் சித்தியடைந்தோர் அனைவரையும் ஒரே தொகுதியில் இட்டு, அதிலிருந்து கத்தோலிக்கர் பாதி, ஏனையோர் பாதி என எடுக்கும்படி கூறியது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கிற்று. தகுதி குறைந்தவனுக்கு இதில் இடமில்லை என்பதை, விகிதாசாரம் என்றதும் முகஞ்சுளிக்கும் நம் நாட்டு அறிவாளிகள் கவனிப்பார்களாக!

காக்கிச் சட்டையை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பதையும் பற்றன் குழு கண்டது. கோவைகளை நகர்த்துவோரும், பணத்தையும் நியமனத்தையும் கையாளுவோரும் சிவில் உத்தியோகத்தர்களே. அவர்களின் உயர் பதவிகளிலும் கத்தோலிக்கரும் பெண்களும் பெருக வேண்டுமென்றது. ஒரே தரத்தில் ஆறு வெற்றிடங்களுக்குக் குறையாதிருந்தால் அங்கும் பாதிக்குப் பாதி என்பது சட்டமாயிற்று. கலவர காலத்திற் பெருத்திருந்த முழுநேர றிசேவ் படையோ 2011இற் கலைக்கப்பட்டது. இலங்கையில் நடந்தது யாது? யுத்தத்திற்காகத் திரட்டிய றிசேவ் பொலிஸார் 2006இல் நிரந்தரப் படையோடு சேர்க்கப்பட்டனர். அங்கே கலைத்தார்கள், இங்கே கலந்தார்கள்.

பாதிக்குப் பாதி விதியும் 2011இல் நிறுத்தப்பட்டது. அப்போது நூற்றுக்கு முப்பதளவில் நின்ற கத்தோலிக்கர் தொகை, அதன்பின் மூன்றிலொரு பங்கைத் தாண்டவில்லை. அவசரப்பட்டு ஊன்றுகோலைப் பறித்ததன் பலன் அது என்பதே எமது கருத்து.

அந்த ஏப்ரலில், ஓமா நகரில், 25 வயதுக் கத்தோலிக்கக் கொன்ஸ்டபிள் ஒருவனை ஐரிஷ் ஆயுததாரிகளே குண்டு வைத்துக் கொன்றனர். 2001 வரை பொலிஸாரைத் தம்மிற் சேர்க்க மறுத்துவந்த கேலிக் விளையாட்டுச் சங்கத்தார், பொலிஸாருடன் தோள்கொடுத்து அவன் பிரேதப் பெட்டியைச் சுமந்தனர். புரொட்டஸ்தாந்த முதலமைச்சர் கத்தோலிக்கப் பூசையில் வந்தமர்ந்தார். சட்டம் நேர்மையாயிருந்தபடியாற்றான் சமூகமும் அவனைத் தன் பிள்ளையென ஏற்றது.

இலங்கைக்குப் புதிதாக ஓர் ஆணைக்குழு வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தில் மாகாணப் பொலிஸ் பிரிவும், அதற்கு ஆட்சேர்க்க மூவர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவும் எழுத்தில் உண்டு. அம்மூவருள் ஒருவர் முதலமைச்சரின் நியமனத்தர். ஆயினும் 2013இல் தெரிவான வட மாகாண சபை, 2018இல் அதன் ஆயுள் முடியும்வரை ஒரு கொன்ஸ்டபிளையேனும் நியமிக்க விடப்படவில்லை.

நீர் இறைக்கும் இயந்திரம் களவுபோன கமக்காரன் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று, தனக்கு விளங்காத மொழியில் எழுதிய முறைப்பாட்டின் கீழ்க் கையொப்பமிட்டு வருகிறான். முறைப்பாட்டாளன் விரும்பும் மொழியிலேயே வாக்குமூலம் பதியப்பட வேண்டுமென 2011இல் அரசின் சொந்த நல்லிணக்க ஆணைக்குழுவே விதந்துரைத்தது. ஆட்சேர்ப்பு விளம்பரத்தோடு வடக்கு கிழக்கிற்கு வரும் அமைச்சர்கள், அடுத்த முறை மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவை நியமிக்கும் வர்த்தமானியையும் கையோடு கொண்டுவரட்டும்.